யாழ்ப்பாணத்தைப் படம்பிடித்த டச்சுப் பாதிரியார்

ஜார்ஜ்டவுன் சவ்ராஸ்தா சந்தையில் மீன் வாங்க நாம் எடுக்கும் 'டுயிட்', நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்த 'துட்டு', இரண்டும் ஒன்றுதான். டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக்காசின் பெயர் அது. தோட்டத்து லயங்களில் புழங்கிய 'கக்கூஸ்' என்ற சொல்லும் அவர்கள் விட்டுப்போனதே. மலாக்காவை 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த அதே டச்சுக் கம்பெனி, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் பறித்தது. அந்தப் படையோடு போன 25 வயதுப் பாதிரியார்தான் பிலிப்பஸ் பால்டியஸ்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். சமயக் கல்வி முடித்ததும் கம்பெனிக் கப்பலில் பத்தாவியா வந்தார். இன்றைய ஜகார்த்தாதான் அது. அங்கிருந்து இலங்கை. போர் ஓய்ந்தபின் யாழ்ப்பாணத்துத் திருச்சபைப் பொறுப்பு அவருக்கு வந்தது.

அவர் கையில் கிடைத்தது காலி நிலம் அல்ல. போர்த்துகீசியர் கட்டிய கத்தோலிக்கக் கோயில்கள் ஊர் ஊராக இருந்தன. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை என்று அவற்றையெல்லாம் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாக மாற்றி, பக்கத்திலேயே பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அபராதம். பிறப்பும் திருமணமும் பள்ளி உபாத்தியாயரின் ஏட்டில் பதிவாக வேண்டும். பதியாத திருமணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்து சேருவதிலும் சிக்கல். கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டமே போட்டார்கள்.

காணியைக் காப்பாற்ற வேண்டுமே, மக்கள் என்ன செய்வார்கள்? ஞானஸ்நானம் பெற்றார்கள். 1663ஆம் ஆண்டுக் கணக்குப்படி யாழ்ப்பாணப் பட்டினப் பகுதியில் கிறிஸ்தவர்கள் 62,558 பேர். அடிமைகள் 2,587 பேர் அந்தக் கணக்கில் சேரவில்லை, தனியாக எண்ணப்பட்டார்கள். தேவன் முன்னால் எல்லோரும் சமம் என்று போதித்த சபை, எண்ணும்போது மட்டும் இரண்டு பட்டியல் போட்டிருக்கிறது.

ஏட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. விரதச் சோறு உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். பால்டியஸும் ஏமாளி இல்லை. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களே அதிகம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கட்டாயமும் போனபின், அந்தப் பெரிய எண்ணிக்கை சீக்கிரமே கரைந்தது.

கரையாமல் நின்றது அவர் எழுதிய புத்தகம்.

1665இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட பால்டியஸ், ஊர் திரும்பி மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றி ஒரு பெரிய நூலை எழுதினார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் வந்தது. அதே ஆண்டு ஜெர்மன் மொழியிலும், 1703இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் தமிழ் எழுத்துகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தார்கள். ஐரோப்பியர் அப்போது தமிழை மலபார் மொழி என்றே அழைத்தார்கள். அவரும் அப்படித்தான் எழுதினார். எழுத்துகளோடு கொஞ்சம் இலக்கணமும், தமிழில் கர்த்தர் ஜெபமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் புத்தகக் கடையில் ஒருவர் நம் 'அ'னாவைப் பார்த்திருக்கிறார் என்றால், அது சின்ன விஷயமா?

ஆனால் நூலின் இன்னொரு பகுதியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. திருமாலின் அவதாரங்களையும் இந்து சமய நம்பிக்கைகளையும் விரிவாகச் சொல்லும் பகுதி அது. அதன் பெரும்பங்கு, கேரளத்தில் பணியாற்றிய ஃபெனீசியோ என்ற இயேசு சபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குருவின் பெயரைப் பால்டியஸ் சொல்லவில்லை. கத்தோலிக்கக் குருமாரை விரட்டிய சபையின் பாதிரியார், அவர்களில் ஒருவரின் எழுத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் இது வழக்கம்தான் என்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றிய பகுதிகள் அப்படியல்ல. அங்கே அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார். ஊர்களின் பெயர், ஆலயக் கட்டடங்களின் படம், மக்களின் சாதி, தொழில், வழக்கம் எல்லாம் வருகின்றன. ஆட்சியாளரின் கண்ணோட்டம்தான், ஆனாலும் அந்தக் காலத்து ஊரை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் நூல்கள் குறைவு.

நூல் வெளிவந்த காலத்தையொட்டி, நாற்பது வயதைத் தொடுமுன்பே பால்டியஸ் இறந்துவிட்டார். பருத்தித்துறையில் அவர் பிரசங்கம் செய்ததாகச் சொல்லப்படும் புளியமரம் முந்நூறு ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கி நின்று, 1960களில் அடித்த சூறாவளியில் சாய்ந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிராணி வேலைக்கு மலாயா வந்த யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள் பினாங்கிலும் இருக்கிறார்கள். 'கந்தோர்' என்பதும் டச்சுச் சொல்லே. தாத்தாவின் ஊர் தெல்லிப்பழை அல்லது வட்டுக்கோட்டை என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், அந்த ஊர் ஆலயம் 1672இல் எப்படி வரையப்பட்டது என்பதை அந்தப் புத்தகத்தில் பார்க்கலாம்.