டீயில் முதலில் ஊற்றியது பாலா, டிகாஷனா? பி.எஸ்சி மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்த ரொனால்ட் ஃபிஷர் யார்?

தாவரவியல், விலங்கியல், வேளாண்மை என எந்த அறிவியல் டிகிரி எடுத்தாலும் ஏதோ ஒரு செமஸ்டரில் புள்ளியியல் பேப்பர் வந்து நிற்கும். செடியைப் பற்றிப் படிக்க வந்தவர் கையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பார். அனோவா, லத்தீன் சதுரம், 5 சதவீத அளவு என்று வார்த்தைகள் வரிசை கட்டும். இவற்றைச் சோதனைக் களத்துக்குக் கொண்டுவந்து, பாடமாகவே மாற்றியவர் ஒருவர். பெயர், ரொனால்ட் ஃபிஷர்.

1890 பிப்ரவரி 17-ம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா ஏல வியாபாரி, வசதியான குடும்பம். ஃபிஷருக்கு 14 வயதில் அம்மா இறந்தார். கொஞ்ச நாளில் அப்பாவின் தொழிலும் நொடித்துப்போனது. அதற்குப் பிறகு ஸ்காலர்ஷிப்தான் படிக்க வைத்தது.

இன்னொரு சிக்கல், கண். கிட்டப்பார்வை மிக மோசம். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேப்பர், பேனா இல்லாமல் காதால் கேட்டே கணக்குப் படித்தார். கணக்கைப் படமாக மனசுக்குள்ளேயே வரைந்து பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பின்னாளில் மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கை அவர் நாலே வரியில் முடித்ததற்கும், அந்த நாலு வரி யாருக்கும் புரியாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

மாணவனாக இருந்தபோதே...

1909-ல் கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் கணிதம் சேர்ந்தார். இன்று கல்லூரிகளில் நடத்துவது போன்ற புள்ளியியல் பாடத்திட்டம் அப்போது இல்லை. வானியல்காரர்கள் அளவீட்டுப் பிழைகளைச் சரிசெய்யப் பயன்படுத்திய கணக்குதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 1912-ல் டிகிரி முடிக்கும் வேளையிலேயே முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பிறகு உலகமே பயன்படுத்திய 'அதிகபட்ச நிகழ்தகவு' முறையின் விதை அதில் இருந்தது.

அதே வருடம் இன்னொரு விஷயம் நடந்தது. கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நாலைந்து அளவீடு மட்டுமே கையில் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். இன்றைய டி-டெஸ்ட் அதிலிருந்து வந்ததுதான். காசெட் பாதி ஊகத்தில் போட்ட விடையை, பல பரிமாண வடிவியலை வைத்து நிரூபித்து ஃபிஷர் அனுப்பினார். காசெட்டுக்குப் புரியவில்லை. அன்றைய புள்ளியியல் உலகின் பெரிய தலை கார்ல் பியர்சனிடம் அதை அனுப்பிவைத்தார். பியர்சன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று இன்றும் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு இந்தக் கடிதங்களிலேயே பதில் இருந்தது.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேரப் போனவரைக் கண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பள்ளி வாத்தியாராகச் சில வருடம் ஓட்டினார். அந்த வேலை அவருக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை.

வயல்வெளியில் கணக்கு வாத்தியார்

1919-ல் இரண்டு வாய்ப்பு வந்தது. ஒன்று பியர்சனின் ஆய்வகம். இன்னொன்று ஹார்பென்டன் ஊரில் இருந்த ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். அங்கே கொடுத்தது தற்காலிக வேலைதான். ஆனாலும் ஃபிஷர் வயலைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ராத்தம்ஸ்டெட்டில் 1843-லிருந்தே கோதுமை வயலில் உரச் சோதனை நடந்துவந்தது. மழை, உரம், விளைச்சல் என எழுபது வருடத்துக்கும் மேலான பதிவேடுகள் குவிந்து கிடந்தன. அவற்றை அலசிய ஃபிஷருக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சோதனையை நடத்திய விதமே சரியில்லை என்றால், பிறகு எவ்வளவு கணக்குப் போட்டாலும் உண்மை கிடைக்காது.

எப்படி? ஒரு பாதிக்குப் புது உரம், மறு பாதிக்குப் பழைய உரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். புது உரம் போட்ட பக்கம் அதிகம் விளைகிறது. உரம் நல்லதா, அல்லது அந்தப் பக்க மண்ணே வளமானதா? சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது.

ஃபிஷர் சொன்ன வழி இதுதான். நிலத்தை ஒரே மாதிரி மண் உள்ள தொகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா உரமும் இருக்கட்டும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை நீ முடிவு பண்ணாதே, குலுக்கல் முடிவு பண்ணட்டும். இதையே பல தொகுதிகளில் திரும்பச் செய். கடைசியில், விளைச்சல் வித்தியாசத்தில் மண்ணால் வந்தது எவ்வளவு, உரத்தால் வந்தது எவ்வளவு, தற்செயலாக வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். அந்தப் பிரிப்புக் கணக்குதான் அனோவா. வேளாண் கல்லூரி மாணவர்கள் ஆர்.பி.டி என்று சொல்வதும் இதைத்தான்.

குலுக்கல் என்றதும் அன்றைய வேளாண் விஞ்ஞானிகள் பலருக்கு ஒவ்வவில்லை. காசெட்கூட கடைசிவரை முழுதாக ஏற்கவில்லை. இன்று ஒரு மருந்தோ தடுப்பூசியோ வருவதற்கு முன் யாருக்கு மருந்து, யாருக்கு டம்மி என்று குலுக்கிப் போடுகிறார்களே, அதன் அடிப்படையும் இந்தக் கோதுமை வயலில் எழுந்த யோசனைதான்.

எட்டு கப் டீ

1920-களின் தொடக்கத்தில் ராத்தம்ஸ்டெட்டில் ஒரு டீ நேரம். பாசி ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டலிடம் ஃபிஷர் ஒரு கப்பை நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். பாலை முதலில் ஊற்றிய டீதான் பிடிக்கும், குடித்துப் பார்த்தே வித்தியாசம் சொல்வேன் என்றார். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் இறங்கினார்கள்.

1935-ல் வெளியான சோதனை வடிவமைப்பு நூலில் இதை உதாரணமாக எடுத்துக்கொண்டார் ஃபிஷர். எட்டு கப். நாலில் பால் முதலில், நாலில் டிகாஷன் முதலில். வரிசை குலுக்கலில். எட்டிலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆக, குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக வர வாய்ப்பு 70-ல் ஒன்று, சுமார் 1.4 சதவீதம்தான். ஆனால் நாலில் மூன்றாவது சரியாக வர வாய்ப்பு 70-ல் 17. அதாவது நாலில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட. அதைத் திறமை என்று ஒப்புக்கொள்ள முடியாது. எத்தனை கப் வேண்டும், எதை ஆதாரமாக ஏற்போம் என்பதை டீ ஊற்றும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் பாயின்ட்.

இதையே 1938-ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோதும் வலியுறுத்தினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைத் தேடி வந்தால், அது செத்தது எதனால் என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். அவரை அழைத்தவர் மகலநோபிஸ். பின்னாளில் சி.ஆர்.ராவ் கேம்பிரிட்ஜில் ஃபிஷரின் கீழ்தான் டாக்டர் பட்டம் பெற்றார்.

சறுக்கிய இடங்கள்

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. கோபக்காரர். பியர்சனோடு பகை, நெய்மனோடு பகை. அதுகூடப் பரவாயில்லை. 1950-ல் டால், ஹில் ஆகியோர் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். ஃபிஷர் அதை எதிர்த்தார். தொடர்பு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது, இரண்டுக்கும் பின்னால் பொதுவான மரபணு இருக்கலாம் என்றார். குலுக்கல் இல்லாத ஆய்வு என்ற வகையில் கேள்வி நியாயமானதே. ஆனால் மனிதர்களைக் குலுக்கிப் போட்டு யாரையும் புகைக்க வைக்க முடியாதே! வேறு வேறு வகை ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டியபோதும் அவர் இறங்கி வரவில்லை. அவரே பைப் புகைப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

இன்னொன்று யூஜெனிக்ஸ். மனித இனத்தைத் 'தரம் உயர்த்த' யார் பிள்ளை பெறலாம் என்று பேசிய இயக்கம் அது. மாணவராக இருந்தபோதே 1911-ல் கேம்பிரிட்ஜில் அதற்குச் சங்கம் அமைத்தவர்களில் ஃபிஷரும் ஒருவர். அந்தக் கருத்தை அவர் கைவிடவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியா போனார். 1962 ஜூலை 29-ம் தேதி அடிலெய்டில் இறந்தார். புகையே புற்றுநோய்க்குக் காரணம் என்ற அமெரிக்க அரசின் அறிக்கை 1964-ல் வந்தது.

அவர் படித்த கல்லூரியின் உணவுக்கூடத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஏழு வரிசை, ஏழு நிறம், ஒரு லத்தீன் சதுரம். யூஜெனிக்ஸ் பின்னணியைச் சுட்டிக்காட்டி எழுந்த எதிர்ப்பால் 2020-ல் கல்லூரி அதைக் கழற்றிவிட்டது. லத்தீன் சதுரம் இன்னும் சிலபஸில் இருக்கிறது.