அறிஞர் பால் எர்லிக்

நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாளியை வருத்துதலும் உண்டு. பகையை மட்டும் தேடிச் சென்று தாக்கி, ஏனையவற்றைத் தீண்டாது விடும் அம்பு போன்றதொரு மருந்து கிடைக்குமாயின், அஃது எத்துணைப் பெரும்பேறு! அத்தகைய மருந்தைக் காண்பதையே வாழ்நாட் குறிக்கோளாகக் கொண்டு உழைத்தவர் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவர்.

இவர் 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், ஸ்ட்ரேலென் என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அந்நாளில் பிரஷிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. மருத்துவம் பயிலுங் காலத்தே இவர் உள்ளம் சாயப் பொருள்களிற் படிந்தது. ஒரு சாயம் ஒருவகை உயிரணுவைப் பற்றுவதையும், அருகிலுள்ள மற்றொன்றைப் பற்றாது விடுவதையும் இவர் கண்டார். அஃது ஏன் என்னும் வினா இவர் நெஞ்சில் வேரூன்றியது. 1878-இல் இப்பொருள் பற்றியே ஆராய்ந்து மருத்துவப் பட்டம் பெற்றார்.

1882-இல் இராபர்ட் காக் என்பார் காசநோய்க் கிருமியைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அக்கிருமியைத் தெளிவாகக் காட்டும் சாயமுறையை எர்லிக் விரைந்து வகுத்தார். சில ஆண்டுகள் சென்றபின் அந்நோய் அவரையே பற்றியது. தாம் வகுத்த முறையைக் கொண்டே தம் சளியில் அக்கிருமி இருத்தலை அவர் கண்டார். எகிப்து நாட்டிற் சிலகாலம் தங்கி நலம்பெற்று மீண்டு, முன்னினும் ஊக்கத்துடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

1897-இல் அவர் புதியதொரு கொள்கையை வெளியிட்டார். உயிரணுக்களின்மேல் சில உறுப்புகள் உள்ளன. திறவுகோல் தனக்குரிய பூட்டிற் பொருந்துவதுபோல, நஞ்சு தனக்கு ஏற்ற உறுப்பிலேயே பொருந்துகிறது. பொருந்தாதவிடத்து அது தீங்கு செய்யாது. இதுவே அக்கொள்கையின் சாரம். அவ்வுறுப்புகளுக்கு ஏற்பிகள் என்று பெயர். இக்கொள்கையின் சில பகுதிகள் பிற்காலத்தில் திருத்தம் பெற்றன; எனினும் அதன் அடிப்படை நிலைபெற்றது. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1908-இல் மெச்னிகாவ் என்பாருடன் இவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பின்னர், பாடாணச் சேர்மங்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராயச் செய்தார். 606 என்னும் எண் பெற்ற சேர்மம் மேகநோயைத் தீர்க்கவல்லது என்பதை 1909-இல் ஜப்பானிய அறிஞர் ஹாட்டா இவருடைய ஆய்வுக்கூடத்திற் கண்டார். 1910-இல் அது மருந்தாக வெளிவந்தது. புகழோடு பழியும் வந்தது. பொறாமையால் தூற்றினாரும் இருந்தனர். எர்லிக் தளர்ந்திலர்.

புற்றுநோயும் அவர் கருத்தை ஈர்த்தது. உடலின் காவலாற்றல் இல்லையேல் புற்றுநோய் மிகப் பெருகியிருக்கும் என்று 1909-இல் அவர் எடுத்துரைத்தார். எலிகளிடத்துப் பல சோதனைகள் செய்தும் அந்நோய்க்கு மருந்து காண இயலவில்லை. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், அக்குறை தீராமலே அவர் உயிர்நீத்தார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. கல்லீரலின் இயல்பை நோக்குவோம். குடலிலிருந்து வரும் குருதியோடு அயற்பொருள்கள் இடையறாது அதனுள் புகுகின்றன. அவை அனைத்தையும் பகையென்று எதிர்த்தால் கல்லீரலே கெடும். ஆதலின் ஆங்குள்ள காவல் அணுக்கள் இயல்பாகவே அடங்கியிருக்கும். இவ்வடக்கத்தைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. காவல் அணுக்களின்மேல், வண்டியின் தடைக்கட்டை போலச் செயலை அடக்கும் ஏற்பிகள் உள்ளன. புற்றணு அவற்றைத் தொட்டுக் காவலை உறங்கச் செய்கிறது. அத்தொடர்பை அறுத்துக் காவலை எழுப்பும் மருந்துகள், முற்றிய கல்லீரற் புற்றுநோய்க்கென 2020-இலும் 2022-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. அவை எல்லார்க்கும் பயன்தருவதில்லை. காவல் அணுக்கள் மிகையாக எழுந்து நல்லுறுப்புகளைத் தாக்குதலும் உண்டு. எனினும் பலருடைய வாழ்நாளை அவை நீட்டித்துள்ளன.

எர்லிக் தேடிய அம்பு இன்னும் முழுமை பெறவில்லை. ஆயினும் எய்யவேண்டிய இலக்கைக் காட்டியவர் அவரே. தம் காலத்திற் கைகூடாத பணியையும் பின்வருவோர் தொடர்தற்குரிய நெறியில் விட்டுச் செல்பவரே மெய்யறிஞர் ஆவர்.