படையில்லாத மன்னரின் ஆயுதசாலை

மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது. அதனால்தான் அங்கே உப்பை வாருவதற்கு மரப்பலகை. அதே கரையில், வடக்கே கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் முஸபர் ஜங் அதை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தான். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். செங்கல் மதில் மிஞ்சியது. அதைக் காத்து நின்றவர்களின் வாளும் வேலும் எங்கே? கடற்காற்று தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் கடற்காற்று எட்டாத இடத்திலும், அரண்மனைப் பூட்டுக்குள்ளும், ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் அழிந்திருக்கின்றன. அந்த அரண்மனை தஞ்சாவூர் அரண்மனை. அங்கே வாழ்ந்த மன்னர், சரஸ்வதி மகால் நூலகத்தால் உலகப் புகழ் பெற்ற இரண்டாம் சரபோஜி. ஏட்டுச் சுவடிக்கும் அவருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. அவர் மாளிகையில் உறங்கிய வாள்களின் கதையோ அதிகம் பேர் அறியாதது.

சரபோஜி பிறந்தது 1777-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி. தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பிள்ளை இல்லை. 1787-ல் பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியை அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதே வருஷம் கண்ணை மூடினார். சிறுவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு வந்தது. சிம்மாசனமோ சித்தப்பா அமர்சிங்கின் கைக்குப் போயிற்று. அரண்மனையில் பையனுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தோன்றவே, 1793-ல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆங்கிலமும் மேல்நாட்டு சாஸ்திரங்களும் அவனுக்குக் கைவந்தன.

கும்பினியார் 1798-ல் அமர்சிங்கை இறக்கிவிட்டு, சரபோஜியைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். ஏற்றிய கை சும்மா இருக்குமா? 1799 அக்டோபரில் ஒரு உடன்படிக்கை வந்தது. சோழ வளநாடு முழுவதும் கும்பினிக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், வருஷம் ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். இருபத்திரண்டு வயதில் அவர் ராஜ்யமில்லாத ராஜா ஆனார்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு பழைய ஆயுதசாலை இருந்தது. அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மராட்டியர் கொண்டுவந்தவையும் அல்ல. அவர்களுக்கு முன் தஞ்சையை ஆண்ட நாயக்கர் காலத்தவை. வாள், ஈட்டி, யானை அங்குசம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டாரி. தஞ்சைக் கட்டாரியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குறுக்குப் பிடியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக் குத்த வேண்டிய ஆயுதம் அது. பிடிக்கு முன்னால், புறங்கையை மறைத்துக்கொண்டு, காற்றில் விரிந்த பாய் போல ஒரு இரும்புத் தகடு. அந்தத் தகட்டில் சல்லடை போலத் துளையிட்டு, யாளியும் பறவையும் கொடியும் செதுக்கியிருப்பார்கள். அலகு பல கட்டாரிகளில் ஐரோப்பாவில் அடித்தது. கப்பலில் வந்து இறங்கிய மேல்நாட்டு வாளை வெட்டி, நம் ஊர்க் கொல்லர் நம் ஊர்ப் பிடியில் பொருத்தினார். கோயில் தூணில் கல் தச்சர் காட்டிய கைத்திறனை இவர்கள் எஃகில் காட்டினார்கள்.

தஞ்சைக்குத் தெற்கே அந்த நாளில் ஆயுதமே குற்றம். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் முதல் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன. குடிமக்களிடமிருந்து வேலும் வாளும் துப்பாக்கியும் பிடுங்கப்பட்டன. தஞ்சை ஆயுதசாலையோ அரண்மனைச் சுவருக்குள் அப்படியே நின்றது. எடுத்து வீச ஆள் இல்லாத ஆயுதத்தைக் கண்டு யார் பயப்படப் போகிறார்கள்?

சரபோஜி வேறு படை திரட்டினார். அது புத்தகப் படை. லண்டனிலிருந்து நூல்களும் படங்களும் மின்சாரக் கருவிகளும் வரவழைத்தார். உடற்கூறு படிக்கத் தந்தத்தில் ஒரு எலும்புக்கூடு செய்வித்தார். 1805-ல் அரண்மனைக்குள்ளேயே அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்தரி மகாலில் மருந்துகள் பரீட்சிக்கப்பட்டன. கண் நோயாளிகளின் நிலைமை படத்தோடு எழுதி வைக்கப்பட்டது. 1820-ல் காசி யாத்திரை புறப்பட்டவர், திரும்பி வரும்போது சுவடிகளோடு வந்தார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் ஞாபகமாகத் தஞ்சைக் கடற்கரையில் மனோரா கோபுரத்தையும் எழுப்பினார். சுற்றிலும் மதில், அகழி, கோட்டை போன்ற அமைப்பு. போர் வீரர் மட்டும் இல்லை.

1832 மார்ச் 7-ந் தேதி சரபோஜி காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினி காத்துக்கொண்டிருந்த நாள் அது. 1856 அக்டோபரில் அரண்மனைக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். நகை, புத்தகம், ஆயுதம் எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்தது. ராணி காமாட்சி பாய் சளைக்கவில்லை, கோர்ட்டு ஏறினார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். ஒரு அரசு இன்னொரு அரசின் மேல் செய்த காரியத்தைக் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. 1862-ல் சர்க்காரே மனமிரங்கி, கைவசம் மிஞ்சியிருந்த சொத்தை ராணிகளுக்குத் திருப்பித் தந்தது.

ஆயுதங்களின் கதி வேறு. அவை குவியல் குவியலாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போயின. 1863-ல் அங்கே தரம் பிரித்தார்கள். சிறந்தவை என்று தோன்றிய சிலவற்றைச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவற்றை உடைத்தார்கள். உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஒரு கொல்லரின் மாதக்கணக்கான உழைப்பு தராசுத் தட்டில் சில ராத்தல் ஆயிற்று. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் 1878-ல் ஒரு பத்திரிகையில் இந்தக் கதையை எழுதி வைத்தார். அதனால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

அதே அரண்மனை, அதே ஜப்தி. புத்தகம் பிழைத்தது; ஆயுதம் ஏன் பிழைக்கவில்லை? புத்தகத்துக்குப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தார். பர்னெல் என்ற ஜட்ஜ் சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எழுதினார். 1880-ல் அது முழுமையாக அச்சேறியது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்திய ஆயுதங்களை வகைப்படுத்தி எகர்ட்டன் என்ற பிரபு எழுதிய நூலும் அதே 1880-ல்தான் லண்டனில் வெளியாயிற்று. தஞ்சைக் கட்டாரிகளுக்கு அது பதினேழு வருஷம் தாமதம். பெயர் எழுதப்பட்ட பொருள் பொக்கிஷமாயிற்று. பெயர் எழுதப்படாத பொருள் இரும்பாயிற்று.

எஞ்சிய தஞ்சை ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் மியூசியத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் வைத்திருக்கிறார்கள். தஞ்சையிலேயே தங்கிய பெரிய ஆயுதம் ஒன்றுதான். ரகுநாத நாயக்கர் காலத்தில், இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையம் மாட்டி அடித்து இணைத்த பீரங்கி அது. நீளம் சுமார் 25 அடி. எடை 20 டன்னுக்கு மேல். கீழ அலங்கத்துப் பீரங்கி மேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. எந்த வியாபாரியின் தராசும் அதைத் தாங்கியிருக்காது.

பரணில் தாத்தா காலத்து வாளோ, அரிவாளோ, வெடிமருந்துக் கொம்போ கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, எடை போடுவதற்கு முன் அதன் பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. சரபோஜியின் புத்தகங்களைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.