உயிரின் தொடக்கத்தைத் தேடியவர்

இரண்டாம் தவணையில் இரசாயனவியலுக்கு எனக்கு 31 புள்ளிகள். கலைப்பிரிவுக்கு மாறப்போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரந்தான் வவுனியாவில் நூலகமொன்றில் பேராசிரியர் சிறில் பொன்னம்பெருமவைப் பற்றி வாசித்தேன்.

1923இல் காலியில் பிறந்த அவர் முதலில் படித்தது மெய்யியல். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியானார். 1959இல் லண்டனில் இரசாயனவியல் பட்டம் பெற்றபோது அவருக்கு 35 வயதாகியிருந்தது. 1962இல் கலிபோர்னியாவில் கலாநிதியானார். அங்கே அவரை வழிநடத்தியவர் மெல்வின் கல்வின். நாம் மனனம் செய்கிறோமே கல்வின் வட்டம், அவரேதான்.

தனிக்கல உயிர்களின் தடயங்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழைமையான பாறைகளில் உள்ளன. பற்றீரியாவும் ஆக்கியாவும் தோன்றுமுன், உயிரற்ற பூமியில் உயிரின் மூலப்பொருள்கள் எப்படி உருவாகின? இதுவே அவருடைய கேள்வி. நாசாவில் பணியாற்றியபோது, ஆதிப் பூமியின் நிலைமைகளை ஆய்வுகூடத்தில் உருவாக்கிப் பார்த்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழு கண்டறிந்தது. 1984இல் இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குப் பணிப்பாளரானார். 1994இல் காலமானார்.

கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல, அவரும் மெய்யியலிலிருந்து வந்தவர்தான். ஆனால் அவர் கேள்வியைத் தேடிப் பாடம் மாறினார். நான் புள்ளிக்குப் பயந்து மாறப் பார்த்தேன்.

உம்மாவிடம் இன்னும் ஒரு தவணை கேட்டிருக்கிறேன்.