கௌஹர் ஜான்: சொத்து போனது, இசைத்தட்டு மிஞ்சியது

நூறு வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டு ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்து, மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடிக்கிறது. முடித்த கையோடு அந்தப் பெண் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்கிறார்.

தற்பெருமையா? இல்லீங்க. அது ஒரு தொழிற்சாலைத் தேவை. 1902-ல் இந்தியாவில் இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலை கிடையாது. கல்கத்தாவில் பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகும். அங்கிருந்த தொழிலாளர்களுக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயர் போட்ட லேபிளை ஒட்டுவது என்று அவர்கள் குழம்பாமல் இருக்க, பாடியவரே பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமானது.

அப்படிப் பெயர் சொன்னவர்களில் மிகப் பிரபலமானவர் கௌஹர் ஜான். ஒரு காலத்தில் கல்கத்தாவில் கொடிகட்டிப் பறந்தவர். கடைசிக் காலத்தில் மைசூருவுக்கு வந்து, அங்கேயே இறந்தார். அவர் சேர்த்த பணம், வீடு எதுவும் கடைசியில் அவரிடம் இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. பழைய தட்டுகளைத் தேடி வாங்கியவர்களும், விற்றவர்களும், மாற்றிக்கொண்டவர்களும்தான் அதற்கு முக்கியக் காரணம். எப்படி என்று பார்ப்போம்.

ஏஞ்சலினா, கௌஹர் ஆன கதை

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கரில் 1873 ஜூன் 26-ல் பிறந்தபோது அவர் பெயர் ஏஞ்சலினா யோவர்ட். அப்பா ராபர்ட் வில்லியம் யோவர்ட், ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர். அம்மா விக்டோரியா இந்தியாவிலேயே பிறந்தவர். பாட்டும் நடனமும் தெரிந்தவர். ஏஞ்சலினாவுக்கு ஆறு வயதாகும்போது, 1879-ல் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள்.

அம்மாவும் மகளும் 1881-ல் காசிக்குப் போனார்கள். அங்கே இஸ்லாத்தைத் தழுவினார்கள். விக்டோரியா மல்கா ஜான் ஆனார், ஏஞ்சலினா கௌஹர் ஜான் ஆனார். இரண்டு வருஷம் கழித்து கல்கத்தா. ஆங்கிலேயர் அவத் ராஜ்ஜியத்தைப் பறித்த பிறகு நவாப் வாஜித் அலி ஷா தங்கியிருந்த மட்டியாபுர்ஜ் அப்போது கலைஞர்களின் புகலிடம். மல்கா அங்கே பேர் வாங்கினார். சித்பூர் ரோட்டில் 40,000 ரூபாய்க்கு வீடும் வாங்கினார்.

மகளுக்கு நல்ல குருமார்கள் கிடைத்தார்கள். கதக் சொல்லித்தந்தவர் பிந்தாதின் மகாராஜ். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பிர்ஜு மகாராஜ் அவருடைய தம்பியின் பேரன். 1887-ல், பதினான்கு வயதில், தர்பங்கா சமஸ்தானத்தில் கௌஹரின் முதல் அரங்கேற்றம் நடந்தது.

வடக்கே இவர்களைப் போன்ற கலைஞர்களைத் தவாயிஃப் என்பார்கள். நம் ஊர் தேவதாசி மரபுக்குக் கோயில் தொடர்பு உண்டு, இவர்களுக்கு அது இல்லை. ஆனால் நிலைமை ஒன்றுதான்: கலைக்கு மரியாதை உண்டு, ஆளுக்குக் கிடையாது.

3,000 ரூபாய் என்றால் எத்தனை பவுன்?

லண்டனைச் சேர்ந்த கிராமபோன் கம்பெனி, ஃபிரெட் கைஸ்பெர்க் என்ற இளம் ஒலிப்பதிவாளரை 1902-ல் இந்தியாவுக்கு அனுப்பியது. கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையே ஒலிப்பதிவுக் கூடமானது. அந்த நவம்பரில் கௌஹர் பாட வந்தார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நகைகள், வேறு வேறு உடைகளில் வந்ததாகக் கைஸ்பெர்க் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு பதிவு அமர்வுக்கு அவர் வாங்கியது 3,000 ரூபாய் என்பார்கள். இதை இன்றைய கணக்கில் எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு எளிய வழி இருக்கிறது. அப்போது ஒரு ஆங்கிலத் தங்க நாணயத்தின், அதாவது ஒரு சவரனின், அரசு மதிப்பு 15 ரூபாய். 3,000-ஐ 15-ஆல் வகுத்தால் 200. ஒரு அமர்வுக்கு 200 பவுன்! இன்றைய தங்க விலையை நீங்களே பெருக்கிப் பாருங்க.

இந்தியாவின் முதல் பதிவு இவருடையதா?

பல இடங்களில் அப்படித்தான் படித்திருப்பீர்கள். ஆனால் அது சரியில்லை. 1899-லேயே லண்டனில் இந்தியர்கள் சிலரின் குரல் பதிவாகியிருக்கிறது. கல்கத்தாவிலும் 1902 நவம்பர் 8-ல் சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடக நடிகைகள் முதலில் பாடினார்கள். கௌஹர் பாடியது அதற்கு மூன்று நாள் கழித்து.

அப்படியானால் அவரை எப்படிச் சொல்லலாம்? இந்தியாவின் முதல் இசைத்தட்டு நட்சத்திரம். அதில் சந்தேகம் இல்லை.

இது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தை நீட்டி, அசையாமல், சத்தமாகப் பாட வேண்டும். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டும். பெரிய உஸ்தாதுகள் பலர் இந்த இயந்திரத்தின் பக்கமே வரத் தயங்கினார்கள். கௌஹர் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் சாயல், பாட்டு, வேகமான முடிப்பு என்று எல்லாவற்றையும் அடக்கிக் காட்டினார்.

1902 முதல் 1920 வரை சுமார் 600 பதிவுகள், பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். ஆஸ்திரியாவில் தயாரான தீப்பெட்டிகளில்கூட அவர் படம் அச்சானது. 1910-ல் மெட்ராஸ் விக்டோரியா பப்ளிக் ஹாலில் கச்சேரி செய்தார். அதன்பின் அவருடைய இந்துஸ்தானி, உருதுப் பாட்டுகள் ஒரு தமிழ் இசைப் புத்தகத்திலேயே இடம்பிடித்தன. அடுத்த வருஷம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நடந்த டெல்லி தர்பாரில், அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடினார்.

சொத்து எப்படிக் கரைந்தது?

1906-ல் அம்மா மல்கா இறந்தார். வீட்டு வேலைக்காரியின் மகனாக அங்கேயே வளர்ந்த ஒருவர், தான்தான் மல்காவின் உண்மையான வாரிசு என்று சொல்லி வழக்குப் போட்டார். தன் பிறப்பை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை கௌஹருக்கு. சின்ன வயதில் பிரிந்த அப்பாவைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்து ஜெயித்தார். அத்தனை ஊருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெண், தான் யார் என்பதைச் சாட்சி வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, செயலாளராக இருந்து துணைவரும் ஆன சையது குலாம் அப்பாஸுடன் உறவு முறிந்தது. அதுவும் வழக்கானது. வழக்குச் செலவு, சுற்றியிருந்தவர்கள் பிடுங்கியது, தாராளமாகச் செலவழித்த பழக்கம் எல்லாம் சேர்ந்து கையிருப்பைக் கரைத்தன. கல்கத்தாவை விட்டு ஊர் ஊராகப் போனார்.

கடைசியில் ஆதரவு தந்தவர் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1928 ஆகஸ்ட் 1 முதல் அரண்மனைப் பாடகி வேலை, மாதம் 500 ரூபாய் சம்பளம். நல்ல தொகைதான். ஆனால் அதை அனுபவிக்க நாள் இல்லை. ஒன்றரை வருஷத்துக்குள், 1930 ஜனவரி 17-ல் மைசூருவில் இறந்தார். வயது 56.

தட்டுகள் என்ன ஆயின?

இங்கேதான் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். கௌஹர் காலத்துத் தட்டு வினைல் இல்லை, ஷெல்லாக். நம் காடுகளில் கிடைக்கும் அரக்கிலிருந்து எடுப்பது அது. கீழே விழுந்தால் ஓடு மாதிரி நொறுங்கும். கிராமபோனின் எஃகு ஊசி, ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைத் தேய்க்கும். விற்காத பாட்டுகளின் உலோக அச்சுகளைக் கம்பெனிகள் உருக்கிவிடுவதும் வழக்கம். அதனால் பல பாட்டுகளுக்கு, யாரோ ஒருவர் வீட்டில் பிழைத்திருக்கும் தட்டுதான் ஒரே ஆதாரம்.

பழைய பொருள் சந்தைகளில் எடைக்குப் போகவிருந்த தட்டுகளை வாங்கிச் சேர்த்தவர்கள் தனி மனிதர்கள். ஒரே தட்டு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து, இல்லாததை வாங்கிக்கொண்டார்கள். மும்பையில் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கின்னியர், முதல் காலத்து இந்தியப் பதிவுகளை எண் வாரியாகப் பட்டியலிட்டு 1994-ல் புத்தகமாகப் போட்டார். எது எப்போது பதிவானது என்று இன்று நாம் தேதியோடு பேசுவது இந்த உழைப்பால்தான்.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் விக்ரம் சம்பத், மைசூரு அரண்மனை ஆவணங்களில் கௌஹரின் கடைசி நாட்களைப் பற்றிய காகிதங்களைப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். 2010-ல் அது வாழ்க்கை வரலாறாக வெளியானது. அந்தத் தேடலின் தொடர்ச்சியாக அவர் பெங்களூரில் இந்திய இசை ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பழைய தட்டுகளைச் சேகரித்து, டிஜிட்டலாக்கி, இணையத்தில் இலவசமாகக் கேட்க வைப்பதுதான் அதன் வேலை.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டு இருக்கிறதா?

இருந்தால் இதைக் கவனியுங்க. ஒரு பக்கம் மட்டுமே பாட்டு உள்ள தட்டும், இறகு முளைத்த தேவதை முத்திரை உள்ள தட்டும் மிகப் பழையவை. நாய் படம் போட்ட லேபிள் அதற்குப் பிறகு வந்தது. லேபிளைச் சுற்றிக் கீறப்பட்டிருக்கும் எண் முக்கியம். அதை வைத்துத்தான் பதிவான காலத்தைக் கண்டுபிடிப்பார்கள். லேபிளையும் எண்ணையும் முதலில் போட்டோ எடுத்து வையுங்க.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. ஷெல்லாக் அதில் கரையும். எல்.பி. தட்டுக்கான ஊசியில் ஓட்டக் கூடாது. 78 வேகத் தட்டுக்கு அகலமான ஊசி தனியாக உண்டு. படுக்க வைத்து அடுக்காமல், உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்க.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, அது வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். கௌஹரின் பதிவுகள் எல்லாமே அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், பகிரலாம்.

ஆக, தட்டு யாருக்காவது சொந்தமாக இருக்கலாம்; குரல் எல்லாருக்கும் சொந்தம். அரிய தட்டுக்கு நல்ல விலை கேட்பதில் தப்பில்லை. விலை இருந்ததால்தான் பல தட்டுகள் குப்பைக்குப் போகாமல் தப்பின. ஆனால் ஒரே பிரதியை அலமாரியில் பூட்டி வைத்தால், அது உடையும் நாளில் பாட்டும் போய்விடும். விற்பதாக இருந்தாலும், வைத்துக்கொள்வதாக இருந்தாலும், ஒரு முறை டிஜிட்டலாக்கிவிடுங்கள். தட்டு கை மாறலாம், பாட்டு பிழைத்துக்கொள்ளும்.