இடைவெளி தந்த ஹாரி பெக்



தலைவர்கள், விஞ்ஞானிகள் வரலாற்றை மலரில் நிறையப் பேர் எழுதுவாங்க. நான் எழுதப்போவது ஒரு டிராஃப்ட்ஸ்மேனைப் பற்றி. அதாவது, நம்ம இனம்!

ஹாரி பெக் 1902-ல் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டன் சுரங்க ரயிலின் சிக்னல் பிரிவில் படம் வரையும் வேலை. அப்போதிருந்த ரயில் வரைபடம் உண்மையான தூரத்தை ஒட்டி வரையப்பட்டது. அதனால் நகரின் நடுவே ஸ்டேஷன் பெயர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்; புறநகரிலோ கோடுகள் எங்கேயோ நீண்டு போகும்.

1931-ல் பெக் தாமாகவே ஒரு புதுப்படம் வரைந்தார். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு எங்கே ஏறணும், எங்கே வண்டி மாறணும், எங்கே இறங்கணும் என்பதுதானே முக்கியம்? எனவே கோடுகளைக் கிடையாக, செங்குத்தாக, 45 டிகிரியில் மட்டும் போட்டார். நெரிசலான நடுப்பகுதியை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். ஸ்டேஷன்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி விட்டார். தரைக்கு மேலே உள்ளவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார்.

அதிகாரிகள் முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மனுஷன் விடவில்லை, மறுபடியும் கொடுத்தார். 1932-ல் சோதனைக்கு 500 பிரதிகள் அச்சாயின. 1933 ஜனவரியில் பெரிய அளவில் வெளிவந்ததும் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே மாதத்தில் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று!

கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் எனக்கு இவர் ஆசான். திரை வடிவமைப்பிலும் இதே கணக்குதான். சேர்ந்தவை பக்கத்தில், சேராதவை தள்ளி. கட்டத்தின் பெயர் அதன் கட்டத்தோடு ஒட்டி நிற்கணும். அடுத்த கட்டத்துக்கு அதைவிடக் கூடுதலா இடம் விடணும். 'சரி' பட்டனும் 'அழி' பட்டனும் ஒட்டிக்கிடந்தால் விரல் தவறத்தானே செய்யும்?

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நெருக்கமான திரையைப் பார்த்தால் செல்போனை என்னிடமே நீட்டிவிடுவார். இடம் விட்டு அமைந்த திரை என்றால் தானே அமுக்குவார். இடைவெளி வெறும் அழகுக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெக்கின் கடைசிக்காலம் வருத்தமானது. 1960-ல் வேறொருவர் பெயரில் புதுப்படம் வந்தது. உரிமைக்காகப் பல வருஷம் போராடியும் பலனில்லை; 1974-ல் காலமானார். அவர் பெயரை நன்றியோடு வரைபடத்தில் அச்சிடத் தொடங்கியது 1997-ல்தான்.

நண்பர்களே, புராஜெக்ட் திரையில் இன்னும் ஒன்றைத் திணிக்கும் முன் ஒரு நிமிஷம் பெக்கை நினையுங்கள். வாழ்க அவர் புகழ்!