கார் நிக்கோபாரின் பேராயர்

வேல்ஸ் என்னும் சிறு நாட்டில், 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேயிலோ என்னும் அடியாரின் திருப்பெயர் இன்றும் ஊர்ப்பெயராக வழங்குகின்றது. லாந்தெய்லோ என்றால் தேயிலோவின் கோயில் என்பது பொருள். தம் மக்களிடையே உழைத்த அடியாரை மக்கள் மறப்பதில்லை. அத்தகைய அடியார் ஒருவர் நமது தீவுகளிலும் வாழ்ந்தார். அவரே பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பிறந்த அவருக்கு ஆசானாய் அமைந்தவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. வேதப்பன் சாலமோன் என்னும் அப்பெரியார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு சென்று, அம்மக்களின் மொழியைக் கற்று, பள்ளி நடத்தினார். அவருடைய மாணாக்கர் ரிச்சர்ட்சன் பர்மாவில் மேற்கல்வி பயின்று, தாயகம் திரும்பி, ஆசிரியராகவும் குருவாகவும் தொண்டாற்றினார்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நிக்கோபாரியர் பலர் உயிரிழந்தனர். ரிச்சர்ட்சனும் சிறைத் துன்பம் அனுபவித்தார். எனினும் தளர்ந்தாரில்லை. புதிய ஏற்பாட்டை நிக்கோபாரிய மொழியில் பெயர்த்தார். 1952-இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினரானார். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1966-இல் அந்தமான் நிக்கோபார் பேராயத்தின் முதற் பேராயரானார். 1975-இல் பத்மபூஷண் பெற்றார். 1978-இல் மறைந்தார்.

மாணாக்கரின் புகழை நாடறியும். ஆசானின் பெயரை நம்மவருள் அறிந்தோர் சிலரே. பிழைக்க வந்த நாம், அவரைப்போல் இம்மண்ணின் மக்களது மொழியை அறிய முயன்றோமா? இக்கேள்வியை நம் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் எண்ணுவோமாக.